பாறை இறங்கவில்லை

கல்லாங்காட்டுப்புதூர் ஊராட்சியின் வார்டு உறுப்பினர் பொற்கொடியை ஊரில் வாய்க்காரி என்பார்கள். அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வருஷக்கணக்காக நின்றவள். அங்கே மிஷின் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் அது பேச்சு. மில்லை மூடிய அன்று முதலாளி சாமி கும்பிட்டுவிட்டு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி கொடுத்தார். அதை வாங்காமல் வந்த ஒரே ஆள் தான்தான் என்று அவள் சொல்லிக்கொள்வாள். உண்மையில் இன்னும் சிலரும் வாங்கவில்லை. அவர்களை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மில் போன பிறகு புருஷன் மாரப்பனின் ஊருக்கே வந்து சேர்ந்தாள். கிணத்துக்கடவில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம். மாரப்பன் பாலுசாமியின் தோப்பில் தேங்காய் உரிப்பவன். சாப்பிடவும் பீடி குடிக்கவும் மட்டும் வாயைத் திறப்பவன். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று அவன் முடிவு செய்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அந்த வார்டைக் காலனிப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவளாக இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் இன்னும் நல்லது. மில்லில் நின்றவள் என்பதால் முதல் பாதிக்குப் பொற்கொடி பொருந்தினாள். இரண்டாம் பாதியை யாரும் விசாரிக்கவில்லை. ஜெயித்த மறுநாளிலிருந்து அவள் பாலுசாமியை, எஜமானைக் கூப்பிடுவதுபோலப் பண்ணாடி என்று அழைப்பதை நிறுத்தினாள். பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. ‘ஏனுங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பெரிய புரட்சி நடந்துவிட்டதாகக் காலனியில் பேசிக்கொண்டார்கள்.

காலனி, பழைய குட்டையின் ஓரத்தில் இருந்தது. யாருக்கும் ஆகாத இடம் என்பதால் அரசாங்கம் அதை எடுத்துத் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தது. வேலிக்கு அந்தப்பக்கம் பாலுசாமியின் தென்னந்தோப்பு. அவருடைய கிணறு வற்றியதும் கிணற்றுக்குள் போர் போட்டார். அது வற்றியதும் வெளியே போட்டார். பங்காளி ஒருவர் தன்னுடையதை இன்னும் ஆழமாகப் போட்டதும், தண்ணீருக்காக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக மறுபடி போட்டார். விவசாயக் கரண்டு இலவசம். ஆகவே மோட்டாரை நிறுத்துவதுதான் நஷ்டம் என்பது அவருடைய கணக்கு. காலனியின் அடிபம்பு முதலில் கனத்தது, பிறகு காற்றடித்தது, பிறகு விடியலில் மட்டும் சில குடங்கள் கொடுத்தது.

அத்தோடு இன்னொன்றும் நடந்தது. அடிபம்பின் சிமெண்ட் மேடைக்குக் கீழே மண் இறங்கிப்போயிற்று. குழாய் பாறைவரை போய் ஊன்றி நின்றதால் மேடை அதைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. ஈறு விலகிய பல்லைப்போல. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது. வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை விரிசல் ஓடியது. அரசாங்கம் கட்டிய வீடு விரிசல் விடுவதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மேடை தொங்குவதில்தான் ஆச்சரியம்.

வேலியை ஒட்டி பாலுசாமி இன்னொரு போர் போடப்போகிறார் என்று தெரிந்ததும் பொற்கொடி கோயமுத்தூருக்குப் போய்த் திங்கட்கிழமை மனுக் கூட்டத்தில் நின்றாள். அந்தப் போர் வந்தால் காலனிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்றாள். ஓர் அதிகாரி, பூமி இறங்குகிறது என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணமானால் தடுக்கலாம், ஆகாவிட்டால் தடுப்பதற்கில்லை என்றார். நகரத்தில் ஒரு கல்லூரி அப்போதுதான் சாட்டிலைட் வைத்து நிலத்தை அளக்கும் கருவி வாங்கியிருந்தது. எதை அளப்பது என்று தெரியாமல் இருந்தது. மனு அங்கே போயிற்று.

மாசி மாதத்தில் ஒரு ஜீப் வந்தது. பேராசிரியர் அருள்குமாரும் கருவியை இயக்கும் ஜெரோமும் இறங்கினார்கள். காலனிக்கு வழி கேட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் எந்த வண்டி எங்கே போக வழி கேட்டாலும் பாலுசாமியின் களத்துக்குத்தான் கை காட்டுவார்கள். ஜீப் அங்கே போய் நின்றது.

களம் என்பது தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு பெரிய பாறை. கொப்பரை காயப்போடுவதும் சோளம் தட்டுவதும் அதன்மேல்தான். காலனிக்காரர்கள் அதில் வேலை செய்யலாம். உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் வைத்துக்கொண்டதில்லை.

பாலுசாமி ஆள் விட்டு மெம்பரைக் கூப்பிட்டார். பொற்கொடி சண்டைக்குத் தயாராகத்தான் வந்தாள். வழியிலேயே நாலு வாக்கியங்களைத் தீட்டி வைத்திருந்தாள். களத்தில் மூன்று சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் பேராசிரியர், ஒன்றில் பாலுசாமி. மூன்றாவது காலியாக இருந்தது.

“ஏனுங் மெம்பரம்மா, நின்னுக்கிட்டே இருக்கறீங்க? ஒக்காருங்க” என்றார் பாலுசாமி.

களத்தின் ஓரத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த மாரப்பன் அதைக் கேட்டான். கடப்பாரை முனையில் குத்திய தேங்காயை அப்படியே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வேலிக்கு அந்தப்பக்கம் காலனிப் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

பொற்கொடி உட்கார்ந்தாள். நாற்காலிக்குக் கை வைத்திருந்தார்கள். தன் கைகளை அதன்மேல் வைப்பதா மடியில் வைப்பதா என்று யோசித்து, மேலேயே வைத்தாள். தீட்டி வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவது மறந்துபோயிற்று.

பாலுசாமியின் மனைவி ராசாத்தாள் இளநீர் கொண்டுவந்தாள். பேராசிரியருக்குக் கொடுத்த அதே மாதிரி எவர்சில்வர் டம்ளர்தான் பொற்கொடிக்கும். பொற்கொடி அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை ராசாத்தாள் கவனித்தாள்.

பேராசிரியர் விளக்கினார். வானத்தில் சாட்டிலைட்டுகள் சுற்றுகின்றன. ஒரு கருவியை மதுக்கரைப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின்மேல், அசையாத பாறையில் வைத்திருக்கிறார்கள். இன்னொன்றை இங்கே வைப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அந்தச் சாட்டிலைட்டுகளைக் கேட்கும். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி வைத்தால், அந்தப் பாறையைக் காட்டிலும் இந்த இடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

“ஒரு விரக்கடை எறங்கியிருந்தாக்கூட தப்பாது” என்றார். “வானம் மட்டும் நல்லாத் தெறந்திருக்கணும். மரம் மறைச்சா சிக்னல் வராது. அந்த வகையில இந்தக் களம் அருமையான இடம்.”

“எங்க காலனில மரமே இல்லைங் சார்” என்றாள் பொற்கொடி. “அத்தனையும் வானந்தான். வாங்க, வேணுங்கறத எடுத்துக்குங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். அவள் பேச்சை இத்தனை பேர் மரியாதையாகச் சிரித்துக் கேட்டது அதுவரை நடந்ததில்லை.

“அங்க ஆடு, கோழி, குழந்தைங்க. யாராவது கருவியோட முக்காலியத் தட்டிட்டா ஒரு நாள் வேலை போச்சும்மா” என்றார் பேராசிரியர்.

“ஆட்டக் கட்டிப்போடறமுங்க. புள்ளைகளையும் வேணும்னா கட்டிப்போடறமுங்க.”

மறுபடி சிரிப்பு. பாலுசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். “எங்க மெம்பரம்மா பேச்சுல ஆரும் நிக்க முடியாதுங் சார்!”

ஜெரோம் மட்டும் சிரிக்கவில்லை. கருவிப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தான். “சார், மதுக்கரைல பாறை மேல வெச்சிருக்கோம். இதையாவது மண்ணுல வெக்கலாம். காலனிப் பக்கம் ஒரு தூண் கட்டி...”

“தூண் கட்டினா அது தானா எறங்குச்சான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான் ஜெரோம். எடம் ஸ்டெடியா இருக்கணும்.”

இறங்குவதை அளக்க இறங்காத இடம் வேண்டும் என்கிறார் படித்தவர். பொற்கொடிக்கு அது எங்கேயோ இடித்தது. ஜெரோம் அவளைப் பார்த்தான்.

பாலுசாமி முந்திக்கொண்டார். “மெம்பரம்மா இருக்கறப்பவே முடிவு பண்ணிப்போடுங்க சார். பொறகு நான் எம்பட எடத்துல வெச்சுக்கிட்டேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. ஏனம்மணி, இந்தெடம் செரிதானுங்களா?”

இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு சண்டை போட அவளுக்குப் பழக்கமில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் அத்தனை கண்கள். இப்போது எழுந்தால், எழுப்பிவிட்டார்கள் என்றுதான் பேசுவார்கள்.

“செரீங்க” என்றாள்.

பாறையில் துளை போட்டுப் பித்தளை ஆணி ஒன்றை அடித்தார்கள். அதன்மேல் முக்காலி நிறுத்தி, கவிழ்த்த வடைச்சட்டி போன்ற ஒன்றை வைத்தார்கள். கருவியின் பேட்டரிகள் பாலுசாமியின் மோட்டார் அறையில் சார்ஜ் ஏறின. பக்கத்தில் அவருடைய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க வடைச்சட்டி வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதியம் பேராசிரியருக்கு உள்ளே இலை போட்டார்கள். பாலுசாமி ஜெரோமிடம், “தம்பிக்கு எந்தூருங்க? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்று விசாரித்தார். ஜெரோம் வண்டியிலேயே சாப்பாடு இருக்கிறது என்றான். வண்டியில் சாப்பாடு எதுவும் இல்லை. பிறகு அவன் பெட்டிக்கடையில் பன் வாங்கித் தின்பதைப் பொற்கொடி பார்த்தாள்.

போகிற வழியில் ஜீப் காலனியில் ஒரு நிமிஷம் நின்றது. தொங்கும் அடிபம்பு மேடையைப் பேராசிரியர் பல கோணங்களில் போட்டோ எடுத்தார். “பியூட்டிஃபுல்” என்றார்.

அன்று பொழுதோடு வீட்டு வாசலில் மாரப்பன் வாயைத் திறந்தான். “ஏம்புள்ள, நாற்காலி எப்பிடி இருந்துச்சு?”

“ஏன், உனக்கும் வேணுமா?”

“இல்ல, வழுக்குச்சான்னு கேட்டேன்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். அது மாரப்பனுக்கே பயமாக இருந்தது.

அடுத்த மாசிவரை காலனி காத்திருந்தது. அளவு முடியும்வரை போர் போடக்கூடாது என்று அதிகாரி சொல்லியிருந்ததால் பாலுசாமியும் காத்திருந்தார். ரொம்பவும் அமைதியாகக் காத்திருந்தார். அது பொற்கொடிக்குப் பிடிக்கவில்லை. அடிபம்பு மேடைக்குக் கீழே இப்போது கோழி நுழைந்து முட்டையிட்டது. குழந்தைகள் படுத்துக் கை விட்டு முட்டையை எடுத்தார்கள். பொற்கொடி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மண் இறங்க இறங்கத் தன் மனு ஜெயிக்கும் என்று நினைத்தாள். தன் வீடு இறங்குவதில் சந்தோஷப்பட்ட பெண் அந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

ஜீப் வந்தது. அதே களம், அதே ஆணி, அதே வடைச்சட்டி. கொஞ்ச நாள் கழித்துப் பேராசிரியர் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து, முடிவைக் கூட்டத்தில் சொன்னார்.

“கணிசமான அசைவு எதுவும் பதிவாகலை. கருவியோட பிழை எல்லைக்கு உள்ளதான் இருக்கு.”

“அப்பிடீன்னா?” என்றாள் பொற்கொடி.

“எறங்கலைம்மா.”

“மேடைக்கு அடியில கோழி போய் முட்டை வெக்குதுங் சார்.”

“அது லோக்கல் எஃபெக்ட். கரிசல் மண்ணு சுருங்கும், விரியும். நாங்க பாக்கறது ரீஜனல்.”

“நாங்களும் இங்கத்த ஆளுகதானுங்களே. எங்களுக்குத்தான தண்ணியில்லை?”

பேராசிரியர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். பாலுசாமி மிகவும் தன்மையாகப் பேசினார். “மெம்பரம்மா, சயின்ஸு சொல்லுதுங்க. நானா சொல்றேன்? எடங்கூட உங்களக் கேட்டுத்தான வெச்சாங்க? செரீன்னு நீங்கதான சொன்னீங்க? இத்தன பேரு கேட்டுக்கிட்டுத்தான இருந்தாங்க?”

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவளுடைய காலனிக்காரர்கள் இன்னும் வேகமாக ஆட்டினார்கள்.

வெளியே ஜெரோம் ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பொற்கொடி அவனிடம் போனாள்.

“ஏந்தம்பி, எறங்கலையாமா?”

“பாறை எப்பிடிங்கக்கா எறங்கும்?” என்றான். “அந்தப் பாறைக்கு இந்தப் பாறை எவ்வளவு எறங்குச்சுன்னு பாத்தோம். ரெண்டும் அசையல. மேல இருக்கற மண்ணுதான் தண்ணி போனா அமுங்கும்.”

“இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“சொன்னனுங்களே. உங்க முன்னாலதான் சொன்னேன்.” கயிற்றை இழுத்துக் கட்டினான். “நீங்க ஒக்காந்திருந்தீங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் யார்மேல் என்று முடிவு செய்ய முடியாமல் அவன்மேலேயே காட்டினாள். “படிச்சவன்தான நீ? அந்தாளு ஒண்ணு சொன்னதும் வாயப் பொத்திக்கிட்டு நின்னீல்ல?”

“ஆமாங்க. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல.”

“இப்ப வந்து காலனில வெய்யி. இப்பவே. ஆட்டையெல்லாம் ஓட்டிப்போடறேன்.”

“இன்னைக்கு வெச்சா இன்னைக்கு எங்க இருக்குன்னுதாங்க காட்டும். எறங்குச்சான்னு தெரிய அடுத்த வருசமும் வந்து வெக்கணும். ப்ராஜெக்ட் முடிஞ்சுபோச்சுங்க.”

பேராசிரியர் வந்து ஏறிக்கொண்டார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அந்த அளவீட்டை வைத்து அவர் ஏதோ ஒரு மாநாட்டில் கட்டுரை படித்ததாகவும், அதில் தொங்கும் அடிபம்பின் போட்டோவைப் போட்டிருந்ததாகவும் பிற்பாடு யாரோ சொன்னார்கள். போட்டோ நன்றாக வந்திருந்ததாம்.

பங்குனியில் போர் வண்டி வந்தது. வேலியை ஒட்டி நின்று இரவும் பகலும் குடைந்தது. வீடுகளின் விரிசல்களிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. வெள்ளைப் புழுதி காலனிமேல் படிந்தது. கடைசியில் தண்ணீர் பீறிட்டபோது காலனிக் குழந்தைகளே ஓடிப்போய் நனைந்து ஆடினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அடிபம்பு நின்றுபோயிற்று. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே எங்கேயோ இரும்பு இரும்போடு பேசியது.

பாலுசாமி கெட்டவர் இல்லை என்பதை நிரூபிக்க அதுதான் சமயம். மோட்டார் அறைக்கு வெளியே, காலனிப் பக்கமாக, ஒரு குழாய் வைத்துக் கொடுத்தார். மூன்று பேஸ் கரண்டு வருகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். காலனி அவரை வாயாரப் புகழ்ந்தது. முன்பு அடிபம்பில் யாரையும் கேட்காமல் எடுத்த தண்ணீர். இப்போது கரண்டு வருமா, மோட்டார் போடுவாரா, வாசலில் ராசாத்தாள் என்ன முகத்தோடு நிற்கிறாள் என்று பார்த்து எடுக்கிற தண்ணீர். இந்த வித்தியாசத்தைப் பொற்கொடி குழாயடியில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

“தண்ணி வருதல்லக்கா? இன்னும் உனக்கு என்ன?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “நீதான மனுக் கொடுக்கறேன், தடுக்கறேன்னு போனே. தடுத்திருந்தீன்னா இதுவும் வந்திருக்காது.”

வாய்க்காரிக்குப் பதில் வராதது அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு செய்தி.

சில நாள் மாரப்பன் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குடித்தாள். குடிக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? பிறகு அவன் முதுகு பிடித்துக்கொண்டதால், ஒரு காலையில் அவளே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல வெயில். குழாயிலிருந்து வேலிவரை வரிசை. ராசாத்தாள் மோட்டார் அறை நிழலில் நின்றிருந்தாள்.

“அட, மெம்பரம்மாவே வந்துட்டாங்களா! ஏனம்மணி, முன்னால வாங்க. நீங்க மொதல்ல புடிச்சுக்குங்க. ஏம்புள்ளைகளா, வழி உடுங்க.”

வரிசை விலகியது. பெண்கள் சிரித்த முகத்தோடு வழிவிட்டார்கள். சிலர் நிஜமாகவே பெருமைப்பட்டார்கள். தங்கள் மெம்பருக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்பதுபோல.

பொற்கொடி யாரையும் பார்க்காமல் நடந்து, வேலியோரம் கடைசியில் போய் நின்றாள்.

“ஏன், காதுல உளுகலீங்களா? முன்னால வாங்கன்னேன்.”

“உளுந்துச்சுங்க” என்றாள் பொற்கொடி. “ஒருக்கா வந்து பாத்தாச்சுங்க. போதுமுங்க.”

ராசாத்தாளின் முகம் சுருங்கியது. முன்னால் நின்றவள் திரும்பி, “இதென்னக்கா வீம்பு?” என்று கடிந்துகொண்டாள். “அவங்க கோவிச்சுக்கிட்டு மோட்டார நிறுத்திப்போட்டா எங்களுக்கும் போச்சு.”

வரிசை மெதுவாக நகர்ந்தது. அவளுக்கு முன்னால் கொஞ்சம் பேர் இருக்கும்போது கரண்டு போயிற்று. மோட்டார் முனகி அடங்கியது. குழாய் சொட்டி நின்றது. மீதமிருந்தவர்கள் நாளைக்கு இடம் பிடிப்பதற்காகக் குடங்களை வரிசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது ஒவ்வொருத்தியும் கரண்டைத் திட்டாமல் பொற்கொடியைத் திட்டிவிட்டுப் போனாள். அவள் காரணம் இல்லைதான். ஆனால் கரண்டு காதில் வாங்காது.

பொற்கொடி தன் குடத்தை வரிசையில் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த ஊர் வாய்க்கால் கிணற்றுப் பாதையில் நடந்தாள். அங்கே தண்ணீர் உப்பு. போய்வர வெகு தூரம். அந்தக் கிணற்றுக்காரனும் பாலுசாமியின் பங்காளிதான். இவை எல்லாம் அவளுக்குத் தெரியும்.